காணிக்கைப் பணத்தில் வாங்கிய கதிரைகள்: ஒரு சபையின் மரண வீட்டுச் சேவை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், கிராமம் ஒன்றிலுள்ள ஒரு கிறிஸ்தவ சபை, தன் அங்கத்தவர்கள் கொடுக்கும் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு, மரணம் நிகழ்ந்த வீடுகளுக்குக் கதிரை, பந்தல், மேசை, தேநீர்ப் பாத்திரம் முதலியவற்றைக் கட்டணமின்றிக் கொடுத்து வருகிறது. கடந்த நவம்பரில் என் பெரியம்மா காலமானபோது நாங்கள் அந்தச் சேவையைப் பெற்றோம். 2022ஆம் ஆண்டு அயல்வீட்டுக்காரர் ஒருவர் இறந்தபோதும் அதே களஞ்சிய அறையின் வாசலில் போய் நின்றிருக்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்தே எழுதுகிறேன். சபையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். பெயரைப் போட்டுக் குறை சொன்னால் எங்கள் ஊரில் அதைக் கோள் என்றுதான் வாசிப்பார்கள்.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவாலயத்தின் பின்புறம், பழைய ஞாயிறு பாடசாலைக் கட்டடத்தின் ஒரு மூலையில் அது இருக்கிறது. முதுகில் சபையின் முதலெழுத்துகள் வெள்ளை வர்ணத்தில் எழுதப்பட்ட நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள் 150, இரும்புக் குழாய்ச் சட்டங்களுடன் இரண்டு தறப்பாள் பந்தல்கள், நீண்ட மேசைகள் நான்கு, இரண்டு கிடாரங்கள், தேநீர் அண்டா ஒன்று, கோப்பைகள் அடுக்கிய மரப்பெட்டிகள், நிற்கும் மின்விசிறிகள் நான்கு, சிறிய மின்பிறப்பாக்கி ஒன்று. கதவின் உட்புறத்தில் ஆணியடித்து, சணல் கயிற்றில் ஒரு சீ.ஆர். கொப்பி தொங்கவிடப்பட்டிருக்கிறது. அறைக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற பாடசாலை ஊழியர், எழுபதைத் தாண்டியவர். விடியற்காலை நான்கரை மணிக்கு அவருடைய படலையைத் தட்டியபோது, என்ன ஏது என்று கேட்கவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

"எத்தின பேர் வருவாங்க மனே? முதல்ல நூறு கதிரையைக் கொண்டு போங்க. காணாட்டி மத்ததையும் அனுப்புவம்."

அவ்வளவுதான் பேச்சு. இறந்தவர் யாருடைய சபை, எந்த ஊர் என்ற விசாரணை எதுவும் அந்த நேரத்தில் நடக்கவில்லை. பெரியம்மாவின் வீடு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருந்தது. கதிரைகளை லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் குருமண்வெளித் துறைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கைகளால் தூக்கிப் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி, மண்டூர்க் கரையில் இறக்கி, மறுபடி இன்னொரு லாண்ட்மாஸ்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. மாரி காலத்து வாவியில் காற்று வீச, பாதையின் நடுவில் அடுக்கி வைத்த நீலக் கதிரைகளுக்கு நடுவே நாங்கள் நின்றுகொண்டு வந்தோம். ஒன்பது மணிக்குள் பந்தல் நின்றுவிட்டது. கொப்பியில் எழுதப்பட்டது மூன்று விடயங்கள்: பொருளும் எண்ணிக்கையும், கொண்டுபோனவரின் பெயர், திரும்பி வரும் திகதி. பணத்துக்கான நிரல் அந்தக் கொப்பியில் இல்லை.

ஒரு மரண வீட்டின் செலவை அறியாதவர்களுக்கு இது சிறிய உதவியாகத் தோன்றலாம். எங்கள் பகுதியில் மரணம் என்பது ஒரு குடும்பத்தின் கையிருப்பை இரண்டே நாளில் துடைத்துவிடும். மலர்ச்சாலைக்குப் பெட்டிக்கும் பதப்படுத்தலுக்கும் கொடுக்க வேண்டும். வீதி நெடுக வெள்ளைக் கொடி கட்ட வேண்டும். ஒலிபெருக்கி, அமரர் ஊர்தி, இரவில் விழித்திருப்பவர்களுக்குத் தேநீரும் பிஸ்கற்றும் வெற்றிலையும், பிறகு 31ஆம் நாள் சாப்பாடு. நாட்கூலிக்குப் போகிறவர் இதற்கு எங்கே போவார்? கிழமைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து அறவிடும் நுண்கடன் நிறுவனத்திடம்தான் போவார். அந்தக் கடன்களின் பாரம் எவ்வளவு கொடியதாக இருந்தது என்றால், 2018ஆம் ஆண்டு வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்வதாக அறிவிக்க நேர்ந்தது. கதிரையும் பந்தலும் கிடாரமும் இலவசமாகக் கிடைத்தால் செலவு முழுவதும் தீராது; ஆனால் கடன் வாங்கும் தொகை குறையும், சில வீடுகளில் கடனே வாங்க வேண்டியிராது. காணிக்கையைக் கொடுத்தவரின் வீட்டு முற்றத்துக்கு, அவருக்குக் கை வற்றிய நாளில், அந்தக் காணிக்கை திரும்பி வருகிறது. ஒரு சபையின் செலவை அளக்க இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இந்த மதிப்புரை முழுவதும் அதை வைத்தே அளக்கிறேன்.

இந்தச் சேவைக்கான பணம் வரும் வழியும் நன்கு யோசித்து அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சேரும் மொத்தக் காணிக்கையில் பத்தில் ஒரு பங்கை, வேறெந்தச் செலவுக்கும் முன்னதாகவே, சபை தனியாக ஒதுக்கி வைக்கிறது. தசமபாகம் பற்றிய பிரசங்கங்களில் அங்கத்தவர் கொடுக்க வேண்டிய பத்தில் ஒன்றைப் பற்றியே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தசமபாகத்தை வாங்கிய, ஆலயப் பணி செய்யும் கோத்திரத்தாரான லேவியரும் தாம் வாங்கியதில் பத்தில் ஒன்றைக் கொடுக்கக் கட்டளையிடப்பட்டிருந்தார்கள் என்று எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் சொல்வதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் எத்தனை பேர்? மூன்றாம் வருடத்துத் தசமபாகம் ஊருக்குள் வைக்கப்பட்டு, லேவியரோடு பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட வேண்டும் என்று உபாகமம் 14ஆம் அதிகாரம் சொல்வதும் அப்படித்தான் ஒதுக்கில் கிடக்கிறது. வாங்குகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் உண்டு என்பதை இந்தச் சபை கண்டுகொண்டிருக்கிறது.

மற்றொரு வருமானம் அறுப்பின் பண்டிகை ஏலம். அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பீடத்தின் முன் படைத்த நெல், மரவள்ளி, வாழைக்குலை, எருமைத் தயிர்ச் சட்டி, உயிருள்ள சேவல் எல்லாம் ஆராதனை முடிந்ததும் முற்றத்துக்கு வரும். சென்ற முறை ஒரு பூசணிக்காய் மூன்று தடவை ஏலம் போனது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்பப் போடுங்க" என்று மேசையிலேயே வைத்துவிட்டார், அடுத்தவரும் அப்படியே செய்தார். மூன்றாவதாக எடுத்த பெண்மணி, கறிக்கு வேண்டுமென்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றைய வருமானம் முழுவதும் களஞ்சிய அறைக்குத்தான் என்று ஏலம் கூறியவர் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்த கூட்டம் தாராளமாகக் கேட்கிறது; நான் பார்த்த வேறு ஏலங்களில் அந்தக் கலகலப்பு இருந்ததில்லை.

இங்கே என் சொந்த மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தேவாலயத்தில், ஒழுகும் கூரையைத் திருத்துவதற்கென்று அறிவித்துப் பணம் சேர்த்தார்கள். எங்கள் குடும்பமும் இறந்துபோன தகப்பனாரின் நினைவாக ஒரு தொகையைக் கொடுத்தது. அடுத்த திருவிழாவுக்குப் போனபோது வீதியோரத்தில் புதிய அலங்கார வளைவு ஒன்று நின்றது. கூரையின் கீழ் வாளி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, வளைவும் ஆலயத்தின் தேவைதானே என்றார்கள். தேவைதான். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 1267ஆம் சட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. விசுவாசிகள் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று 1287ஆம் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு பங்குத்தளத்திலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537ஆம் சட்டம். வேறு சபைகளைச் சேர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தொகுப்புச் செல்லாது. அதிலுள்ள நியாயம் எல்லோருக்கும் செல்லும். நான் அந்த வளைவின் கீழால் இன்றும் போய்வருகிறேன். அதில் எங்கள் கூரைத் தகடு எத்தனை இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மனம் கணக்குப் போடுகிறது.

ஆகவே இந்தச் சபையின் விளம்பரப் பலகையில் கணக்கறிக்கை ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டபோது மகிழ்ந்தேன். கிட்டப் போய் வாசித்தபோது அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. ஐந்து மாதங்களுக்கு முந்திய கணக்கு. "நலன்புரி" என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு மொத்தத் தொகை. கதிரை வாங்கியதா, தறப்பாள் தைத்ததா, பெற்றோல் அடித்ததா என்று பிரித்தறிய வழியில்லை. களஞ்சியக் கொப்பியில் ஒரு கோப்பை உடைந்தாலும் எழுதுகிறார்கள். பொருளாளரின் அறிக்கையில் ஓராண்டுச் செலவு ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் குற்றஞ்சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காகவே தன்னோடு சபைகள் தெரிவுசெய்த ஆளையும் பவுல் சேர்த்துக்கொண்டார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது. எங்கள் ஊர்ப் பொருளாளர்களோ கணக்குக் கேட்பவரை விசுவாசக் குறைவுள்ளவராகப் பார்க்கிறார்கள். சுனாமிக்குப் பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கு ரசீது, புகைப்படம், காலாண்டு அறிக்கை எல்லாம் எழுதப் பழகிய நாம், மீன் விற்றுவிட்டு வந்து பையில் நூறு ரூபா போடுகிற ஆச்சிக்கு ஒரு பக்கக் கணக்கைக் காட்டத் தயங்குகிறோம்.

பெரியம்மாவின் மரண வீட்டில் பட்ட குறைகளுக்கு வருகிறேன். இரண்டு பந்தல்களில் ஒன்றின் தறப்பாள் நடுவில் கிழிந்திருந்தது. நவம்பர் மழை, முதல் இரவு பத்து மணிக்குப் பெய்யத் தொடங்கியதும் பெண்கள் இருந்த பக்கம் ஒழுகியது. கோழிக்கூட்டை மூடியிருந்த பொலித்தீனை உருவி வந்து மேலே போட்டோம். நான்கு விசிறிகளில் இரண்டு சுற்றவில்லை. குறை யாருடைய கவனக்குறைவாலும் வந்ததென்று நினைக்கவில்லை. பொருளை வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் திருத்துவதற்கு ஒதுக்கவில்லை, அதுதான் காரணம். புதிய பொருள் வாங்கினால் ஆராதனையில் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யலாம், கொடுத்தவரின் பெயரை அறிவிக்கலாம். கிழிந்த தறப்பாளுக்குத் தையல் போட்டதை யார் அறிவிப்பார்? நம் தேவாலயங்களின் செலவில் இந்த நோய் எங்கும் இருக்கிறது. புதிய கோபுரம் எழும்புகிறது, பழைய மலசலகூடத்தின் கதவு ஒரு பிணைச்சலில் தொங்குகிறது.

இரண்டாவது குறை கடுமையானது. களஞ்சியக்காரர் எதையும் கேட்காமல் கொடுத்தார் என்றேன். ஆனால் மறுநாள் மீதி ஐம்பது கதிரைகளையும் எடுக்கப் போன என் மச்சானிடம், நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர், பெரியம்மாவின் சந்தா அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக எழுந்து நடமாட முடியாமல் கிடந்த மனுஷி. சந்தா எப்படிக் கட்டியிருப்பார்? கடைசியில் களஞ்சியக்காரர் தலையிட்டுக் கதிரைகளை அனுப்பிவைத்தார். அந்தக் கேள்வியை என்னால் இலகுவாக மறக்க இயலவில்லை. தொடக்கச் சபையில் எழுந்த முதல் நிர்வாகப் பிரச்சினையே அன்றாடப் பங்கீட்டில் ஒரு பகுதி விதவைகள் விடுபட்டுப் போனதுதான். அதைத் தீர்க்கவே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. 1742ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்தர்கள் தங்கள் ஜெபக் கட்டடத்தின் கடனை அடைப்பதற்கு ஆளுக்குக் கிழமையில் ஒரு பென்னி என்று சேர்க்க முடிவுசெய்தபோது, ஏழைகளால் அதுவும் முடியாதே என்ற கேள்வி வந்தது. மிக ஏழைகளான பதினொருவரைத் தன்னிடம் விடுங்கள், அவர்களால் இயலாததை நானே கட்டுகிறேன் என்று ஓர் அங்கத்தவர் முன்வந்தார். அங்கத்தவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைக்கும் மெதடிஸ்த வகுப்பு முறை தொடங்கியது அங்கேதான். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்து, மறு ஆண்டே இம்மண்ணில் இறந்துபோகும் முன்னர் இங்கே ஊன்றிய மரபு அந்த மரபு. சந்தா அட்டை இல்லாதவருக்குக் கதிரை இல்லை என்ற வழக்கம் எந்த மரபிலிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. கோப்பை கழுவுவதும் கிடாரம் தேய்ப்பதும் பெண்கள். களஞ்சியத்துக்கு என்ன வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. இருந்திருந்தால் அடி தட்டையான, கழுவ இலகுவான கோப்பைகளை வாங்கியிருப்பார்கள்.

இவ்வளவு பணத்தையும் கதிரைக்கும் பந்தலுக்கும் கொட்டுவதா சபையின் வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வாடகைக் கடை நடத்தவா தேவாலயம் கட்டினோம் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. போதகருக்குப் படி கொடுக்க வேண்டும். மின் கட்டணம், கூரை, ஞாயிறு பாடசாலைக்குப் புத்தகம், 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்புக் கொடுமைக்குப் பின்னர் வாசல் பாதுகாப்புக்கும் செலவு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கெலாசியுஸ், ஆலய வருமானத்தை ஆயருக்கு, குருமாருக்கு, ஏழைகளுக்கு, ஆலயக் கட்டடத்துக்கு என்று நான்காகப் பிரிக்கச் சொன்னார். நான் பேசும் சபை ஒதுக்குவது பத்தில் ஒன்று; நான்கில் ஒன்றுக்குப் பக்கத்திலும் அது வரவில்லை. ஆகவே கதிரைக்கு அதிகம் போகிறது என்ற முறைப்பாட்டை என்னால் ஏற்க இயலவில்லை.

போதகரின் படியைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2022ஆம் ஆண்டு, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், அயல்வீட்டுக்காரர் இறந்தார். அவர் சைவ சமயத்தவர். அந்தச் சபைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மின்பிறப்பாக்கியைத் தந்தார்கள், ஆனால் பெற்றோல் எங்கும் கிடைக்கவில்லை. போதகர் தன் பழைய மோட்டார் சைக்கிளின் குழாயைக் கழற்றி, இருந்த பெற்றோலை ஒரு சோடாப் போத்தலில் வடித்துக் கொடுத்தார். அடுத்த இரண்டு கிழமையும் சைக்கிளில்தான் வீடு சந்திக்கப் போனார். அப்படிப்பட்டவருக்கு மாதக் கடைசியில் கடையில் கொப்பிக் கடன் இருக்கக் கூடாது. காணிக்கையின் முதற் செலவு அவருடைய வீட்டு அரிசியாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

சேமித்து வைப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று நம்புகிறவர்களுக்கும் அதே ஆண்டு ஒரு பாடம் வைத்திருந்தது. கட்டட நிதி என்று ஆண்டுக்கணக்காக வங்கியில் பணம் சேர்த்த சபைகள் எங்கள் பகுதியில் பல. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்து மூடை 2022ஆம் ஆண்டில் மூவாயிரம் ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது அளவில் நின்றது. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் மூன்று சுவருக்குப் போதுமாயிருந்த பணம் ஒரு சுவருக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. அதற்கு முன்னரே கதிரையாகவும் கிடாரமாகவும் மாற்றப்பட்ட பணமோ அப்படியே இருக்கிறது; அந்தக் கிடாரத்தில்தான் 2022ஆம் ஆண்டு பல மாதங்கள் சனிக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று களஞ்சியக்காரர் சொன்னார். அதன் அடியில் பிடித்த கருமை இன்னும் போகவில்லை.

தரம் போடுவது வழக்கம் என்பதால் போடுகிறேன்: பொருளுக்கும் ஆளுக்கும் ஐந்தில் நான்கு, கணக்கறிக்கைக்கு ஐந்தில் இரண்டு, சந்தா அட்டை கேட்டதற்குப் பூச்சியம். மரண வீட்டுக்காரர் இந்தச் சேவையைத் தயங்காமல் கேட்கலாம். மாரியில் கேட்பவர்கள் கையோடு ஒரு பொலித்தீன் சுருளையும் வைத்திருப்பது நல்லது. பாதைக் கூலியும் லாண்ட்மாஸ்டர் கூலியும் நம்முடையது.

நாலாம் நாள் கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோனோம். களஞ்சியக்காரர் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினார், 148. மறுபடி எண்ணினார், 148. "ரெண்டு குறையுது மனே" என்று சொல்லி, கொப்பியில் என் பெயருக்கு நேரே அதை எழுதினார். காசு தருகிறேன் என்றேன். பொறுங்க, வரும் என்றார். ஒன்பது நாள் கழித்து, படுவான்கரையில் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த கோயிலில் அன்னதானம் நடந்தபோது, பந்தியின் ஓரத்தில் இரண்டு நீலக் கதிரைகளை மச்சான் கண்டு எடுத்துவந்தார். நான் அவற்றை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய் இறக்கினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கொப்பியை விரித்து, அந்த வரியை அடிமட்டம் வைத்து நேராகக் கீறி வெட்டினார். பிறகு பேனையை என்னிடம் நீட்டி, வெட்டியதற்குப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்.